கானன் ஒருவனா, பலரா? ஒரு வீடியோ கேம் வில்லனின் உருமாற்றம்

'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' வீடியோ கேம் தொடரை நடிகர்களை வைத்துத் திரைப்படமாக எடுக்கப்போவதாக 2023 நவம்பரில், அதை உருவாக்கும் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ அறிவித்தது. அதிலிருந்து அந்தத் தொடரை அரைகுறையாக அறிந்தவர்களிடையே ஒரு கேள்வி சுற்றிவருகிறது. படத்தில் வரப்போகும் வில்லன் கானன் எப்படி இருப்பான்?

கோவையிலோ ஈரோட்டிலோ ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகூட இதற்கு ஒரே பதில் சொல்லமாட்டார்கள். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல இயங்கும் மென்பொருள்) போட்டுப் பழைய ஆட்டங்களை ஆடிய அண்ணனுக்குக் கானன் என்றால் சூலம் ஏந்திய நீலப் பன்றி. நின்டெண்டோவின் சுவிட்ச் கன்சோல் வாங்கி 2023-இல் வந்த ஆட்டத்தோடு தொடங்கிய தம்பிக்கு அவன் நெருப்பு நிறத் தலைமுடி கொண்ட ஆஜானுபாகுவான அரசன். அதற்கு முந்தைய ஆட்டத்தை மட்டும் முடித்த நண்பன் வந்தால், 'அது ஆளே இல்லை, கோட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும் கரும்புகை' என்பான். மூவரும் சொல்வது சரிதான். ஒரே வில்லன் எப்படி இத்தனை உருவம் எடுத்தான், ஒவ்வோர் உருவத்திலும் என்ன கிடைத்தது, எது பறிபோனது என்பதை இங்கே பார்க்கலாம். பல ஆட்டங்களின் முடிவுகள் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன.

முதலில் நான்கு சொற்கள்

1. ஹைரூல்: கதை நடக்கும் நாடு. ஆறும் ஏரியும் பசுமையும் கொண்டது. அதன் ஓரத்தில் கெருடோ என்ற பாலைவனம் இருக்கிறது. அங்கே வாழும் மக்களுக்கும் கெருடோ என்றே பெயர். இந்த ஓரத்தை நினைவில் வையுங்கள். பிற்பாடு எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

2. ட்ரைஃபோர்ஸ்: மூன்று பொன் முக்கோணங்கள். ஒன்று வலிமை, ஒன்று அறிவு, ஒன்று துணிவு. தொட்டவரின் விருப்பத்தை நிறைவேற்றும். வலிமையின் முக்கோணம்தான் வில்லன் கைக்குப் போவது.

3. லிங்க், ஜெல்டா: நாயகனும் இளவரசியும். பெரும்பாலான ஆட்டங்களில் இவர்கள் வேறு வேறு காலத்தில் பிறந்த வேறு வேறு ஆட்கள். பெயர் மட்டும் தலைமுறை தாண்டி வரும்.

4. கானன், கானன்டார்ஃப்: மிருக உருவில் இருக்கும்போது கானன், மனித உருவில் இருக்கும்போது கானன்டார்ஃப். நாயகனும் இளவரசியும் மாறிக்கொண்டே இருக்க, இவன் மட்டும் பல ஆட்டங்களில் சாகாமல் தொடரும் ஒரே ஆள். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பன்றி வந்த வழி

முதல் ஆட்டம் ஜப்பானில் 1986 பிப்ரவரி 21-இல் வந்தது. உருவாக்கியவர்கள் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெஸூகாவும். ஃபேமிகாம் கன்சோலுக்கான டிஸ்க்கில் அது வெளியானது. அந்த டிஸ்க்கின் இரு பக்கமும் சேர்த்துக் கொள்ளளவு 112 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சாதாரணப் புகைப்படமே அதைவிடப் பெரியதாக இருக்கும்.

திரையில் நகரும் ஒவ்வொரு சின்னப் படத்துக்கும் 'ஸ்பிரைட்' என்று பெயர். அந்தக் கருவியில் ஒரு ஸ்பிரைட்டுக்கு மூன்று நிறங்கள்தான் கிடைக்கும். மூன்று நிறத்தில் கண்ணையும் புருவத்தையும் உதட்டோரச் சிரிப்பையும் வரைந்து ஒரு மனிதக் கெட்டவனைக் காட்ட முடியாது. ஆனால் நீண்ட மூக்கும் கோரைப் பல்லும் போதும், பன்றி என்று யாருக்கும் புரிந்துவிடும். கானன் பன்றியாக வந்ததற்குக் கருவியின் இந்த வறுமை பாதிக் காரணம்.

மறுபாதி இலக்கியம். ஆட்டத்தின் தொடக்கத் திட்டக் குறிப்புகளில் வில்லனுக்கு 'ஹக்காய்' என்ற பெயர் இருந்தது. சீனாவில் 16-ஆம் நூற்றாண்டில் உருவான 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பெருங்கதையில் வரும் பன்றி முகத்தானுக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் அது. அந்தக் கதைக்கு அடிப்படை, யுவான் சுவாங் என்ற துறவி புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்த பயணம். 7-ஆம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்து அந்த ஊரைப் பற்றி எழுதிவைத்தவர் அவர்தான்.

முதல் ஆட்டத்தின் கடைசிச் சண்டையில் கானனைப் பார்க்கவே முடியாது. அறைக்குள் அவன் கண்ணுக்குத் தெரியாமல் நகர்வான். வாள் பட்டால் மட்டும் ஒரு கணம் தெரிவான். கடைசியில் வெள்ளி அம்பு எய்ய வேண்டும். பேச்சு கிடையாது, காரணமும் கிடையாது. 1987-இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் அவன் செத்தே கிடக்கிறான். நாயகனைக் கொன்று அந்த ரத்தத்தைக் கொண்டு அவனை எழுப்ப அவன் ஆட்கள் அலைகிறார்கள். நீங்கள் தோற்றால் திரையில் அவனது நிழலுருவம் மட்டும் வந்து சிரிக்கும்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பன்றி வில்லன் புதிதல்ல. பொன்னர், சங்கர் சகோதரர்களைப் பாடும் அண்ணமார் கதையில் கொம்பன் என்ற பெரும் காட்டுப்பன்றி வருகிறது. பயிரை அழித்து, சங்கரை வேட்டைக்கு இழுத்து, கதையைப் படுகளம் நோக்கித் தள்ளுவது அதுதான். தொண்டாமுத்தூரிலும் சத்தியமங்கலத்திலும் மக்காச்சோளக் காட்டைப் பன்றி ஓர் இரவில் உழுதுபோட்டதைக் கண்டவர்களுக்கு, அந்த மிருகம் ஏன் வில்லனாகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் பல பாட்டுக்காரர்கள் பாடும் கதையில் கொம்பன் தானாக வந்த மிருகம் அல்ல. அது வேட்டுவர் வளர்த்தது. காட்டைத் திருத்தி உழவு நடக்கும் பக்கத்தில் நின்று கேட்டால் அது பகை. காட்டை நம்பி வாழ்ந்தவர் பக்கத்தில் நின்று கேட்டால் வளர்த்த உயிர். உடுக்கையடிப் பாட்டு பெரும்பாலும் முதல் பக்கத்தில் நின்று பாடப்படுவது. ஆனாலும் இரண்டாவது பக்கம் ஒன்று இருப்பதை அது மறைப்பதில்லை. கானன் கதையில் அந்த இரண்டாவது பக்கம் திறக்க 16 ஆண்டுகள் ஆயின.

பன்றிக்குள் இருந்த மனிதன்

1991-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' முதல் படியை எடுத்தது. பன்றி முன்பு மனிதனாக இருந்தது என்றும், கானன்டார்ஃப் என்ற திருடர் தலைவன் பொன்னுலகத்தில் ட்ரைஃபோர்ஸைக் கண்டுபிடித்துத் தொட்டான் என்றும் அதில்தான் சொல்லப்பட்டது. அந்த மனித முகத்தை யாரும் பார்க்கவில்லை. அது எழுத்தில் மட்டும் இருந்தது.

ஆனால் அந்த ஆட்டம் ஒரு நல்ல விதியைத் தந்தது. கானனின் ஆசையால் பொன்னுலகம் இருள் உலகமாகிறது. அங்கே நுழைபவர், அவர் மனம் எப்படியோ அப்படி ஓர் உருவம் எடுப்பார். நாயகன் முயலாகிறான். கானன் பன்றியாகிறான். கருவியால் முடியாததை மறைக்க வரையப்பட்ட பன்றிக்கு, ஐந்து ஆண்டு கழித்து இப்படி ஓர் அர்த்தம் கிடைத்தது. தொடர்கதையில் பழைய குறை ஒன்று பிற்பாடு பொருளாக மாறுவது அபூர்வம். இங்கே அது மிகவும் கச்சிதமாக நடந்தது.

1998 நவம்பரில் நின்டெண்டோ 64-க்கு 'ஒக்கரினா ஆஃப் டைம்' வந்தது. இப்போது உருவங்கள் பலகோணங்களால் ஆனவை, அதாவது முப்பரிமாணம். கேமரா முகத்துக்கு அருகே போகலாம். கானன்டார்ஃபின் முகத்தை உலகம் முதன்முறையாகப் பார்த்தது. குதிரையில் வருகிறான். ஹைரூல் அரசன் முன் மண்டியிடுகிறான். ஜன்னல் வழியே ஒளிந்து பார்க்கும் சிறுமி ஜெல்டா, அந்தப் பணிவு பொய் என்று கண்டுகொள்கிறாள். பெரியவர்கள் நம்புகிறார்கள், குழந்தை நம்பவில்லை. அங்கே தொடங்கும் பயம் ஆட்டம் முழுக்க நீடிக்கிறது.

கெருடோ மக்களும் இந்த ஆட்டத்தில்தான் வந்தார்கள். எல்லோரும் பெண்கள். 100 ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆண் குழந்தை பிறக்கும், அவனே அரசனாவான். அவர்களைத் திருடர் கூட்டமாக ஆட்டம் காட்டுகிறது. இங்கே ஒரு கோளாறு இருந்தது. அந்த மக்களின் சின்னம் பிறையும் நட்சத்திரமும் சேர்ந்தது. தீக்கோயில் பகுதியின் இசையில் இஸ்லாமிய வழிபாட்டு ஓசையை ஒத்த கோஷம் இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் இரண்டும் மாற்றப்பட்டன. பாலைவனம், திருடர், அரேபியச் சாயல் மூன்றையும் ஒன்றாகக் கட்டி அதன் உச்சியில் வில்லனை உட்காரவைத்தது சரியல்ல. அதை மாற்றியதைக் 'கெடுபிடி' என்று இன்றும் குறைசொல்கிறவர்கள், யாருடைய வழிபாட்டை எந்த இடத்தில் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதை ஒருமுறை யோசிக்கட்டும்.

காற்றைப் பற்றி அவன் பேசியது

2002 டிசம்பரில் கேம்கியூப் கன்சோலுக்கு 'தி விண்ட் வேக்கர்' வந்தது. வெளிவந்தபோது அதன் கார்ட்டூன் பாணிப் படங்களைப் பார்த்து, குழந்தைகளுக்கான ஆட்டம் என்று பலர் ஒதுக்கினார்கள். இந்த வில்லனின் மிக ஆழமான சித்திரம் அந்தக் கார்ட்டூனுக்குள்தான் இருந்தது.

கதை இப்படி. கானன்டார்ஃப் தன்னை அடைத்துவைத்திருந்த முத்திரையை உடைத்து வெளியே வந்தபோது அவனைத் தடுக்க நாயகன் யாரும் இல்லை. தெய்வங்கள் நாட்டையே வெள்ளத்தில் மூழ்கடித்தன. மலை உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. ஹைரூல் கடலடியில் அப்படியே கிடக்கிறது. பவானிசாகர் அணைக்குள் தணாயக்கன் கோட்டை கிடப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளலாம். நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். அந்த மூழ்கிய நாட்டை மறக்க முடியாத இரண்டு கிழவர்களின் கதை இந்த ஆட்டம். ஒருவர் ஹைரூலின் கடைசி அரசர். மற்றவன் கானன்டார்ஃப்.

இங்கே அவனுக்கு வயதாகியிருக்கிறது. உடல் கனத்திருக்கிறது, நீண்ட அங்கி அணிந்திருக்கிறான். தூங்கிக்கொண்டிருக்கும் இளவரசியின் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கனவில் தெரியும் கடலைப் பற்றிப் பேசுகிறான். மீனே கிடைக்காத இந்தக் கடலையா உங்கள் தெய்வங்கள் உங்களுக்குக் கொடுத்தன என்று கேட்கிறான். வில்லன் கேட்கும் கேள்விதான். ஆனால் அதற்கு நாயகனிடம் பதில் இல்லை.

இறுதிச் சண்டைக்குமுன் கோபுர உச்சியில் அவன் தன் நாட்டைப் பற்றிச் சொல்கிறான். அதன் சாரம் இதுதான்: என் நாடு பாலைவனம். பகலில் வீசும் காற்று எரிக்கும்; இரவில் வீசும் காற்று உறையவைக்கும். எந்த நேரத்தில் வீசினாலும் அது சாவைத்தான் கொண்டுவந்தது. ஹைரூலின் பச்சை வயல்கள்மேல் வீசிய காற்றோ வேறு எதையோ கொண்டுவந்தது. அந்தக் காற்றுக்கு நான் ஆசைப்பட்டேன் போலிருக்கிறது.

இந்தப் பேச்சைக் கொங்கில் இருப்பவர்கள் மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடி மாதங்களில், அந்த வழியாகக் காற்று கொட்டுகிறது. ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் அதே காற்று சாரலாக இறங்குகிறது, தென்னந்தோப்பு நிற்கிறது. உடுமலையைத் தாண்டித் தாராபுரம், மூலனூர் போய்ச் சேர்வதற்குள் அதன் ஈரமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அங்கே அது காற்றாலை இறக்கையைச் சுற்றுகிறது, புழுதியைக் கிளப்புகிறது, மழையைத் தருவதில்லை. ஒரே காற்று, ஒருவருக்குச் சாரல், ஒருவருக்குப் புழுதி. மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலத்துக்குக் 'காடு' என்றும், கிணற்றுத் தண்ணீர் பாயும் நிலத்துக்குத் 'தோட்டம்' என்றும் இங்கே தனித்தனிப் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை. ஆற்றுப் பாசனத்து வயலைக் கடந்து போகும்போது காட்டுக்காரர் மனதில் எழும் ஏக்கத்துக்கும், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவரின் கோபத்துக்கும் கானன்டார்ஃபின் பேச்சில் இடம் இருக்கிறது.

அதனால் அவன் செய்தது நியாயமாகிவிடாது. அவன் கொன்றான், நாட்டைப் பறித்தான், சிறுமிகளைக் கடத்தினான். அவனுக்குக் காரணம் தந்ததால் ஆட்டம் அவனை மன்னிக்கவும் இல்லை. அவன் ட்ரைஃபோர்ஸைத் தொடுவதற்குமுன் கிழ அரசர் தொட்டுவிடுகிறார். பழைய நாடு மூழ்கட்டும், பிள்ளைகளுக்கு எதிர்காலம் வேண்டும் என்று வேண்டுகிறார். கானன்டார்ஃப் சிரிக்கிறான். நாயகனின் வாள் அவன் தலையில் இறங்கி, அவன் கல்லாகிறான். கடல் மேலே வந்து மூடுகிறது. ஒரே மண்ணை நேசித்த இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தார், ஒருவனால் முடியவில்லை. வீடியோ கேம்களில் ஒரு வில்லனுக்கு இதைவிடக் கண்ணியமான முடிவு எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாகப் பிரியும் காலம்

ஒரே ஆள் ஓர் ஆட்டத்தில் கல்லாகிறான், இன்னோர் ஆட்டத்தில் பன்றியாகச் சாகிறான். எப்படி? 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அதிகாரபூர்வத் தொகுப்பு நூலில் நின்டெண்டோ இதற்கு விடை தந்தது.

பவானி ஆற்றின் கொடிவேரி அணையை நினைத்துப் பாருங்கள். வரும்போது ஒரே பவானி. அணையைத் தாண்டியதும் ஒரு பக்கம் தடப்பள்ளி வாய்க்கால், மறுபக்கம் அரக்கன்கோட்டை வாய்க்கால், நடுவில் ஆறு. மூன்றிலும் ஓடுவது ஒரே தண்ணீர்; சேரும் ஊர் வேறு. 'ஒக்கரினா ஆஃப் டைம்' அப்படியோர் அணை.

1. நாயகன் தோற்றிருந்தால்: கானன்டார்ஃப் முழுமையாகக் கானனாகிறான். 1991 ஆட்டமும் 1986 ஆட்டமும் இந்தக் கிளையில் வருகின்றன. பன்றியின் கிளை என்று இதைச் சொல்லலாம்.

2. நாயகன் வென்று, குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி முன்கூட்டியே எச்சரித்தால்: கானன்டார்ஃப் பிடிபட்டுத் தண்டனைக்கு நிறுத்தப்படுகிறான். 2006-இல் வந்த 'ட்விலைட் பிரின்சஸ்' இந்தக் கிளை.

3. நாயகன் வென்று, அந்தக் காலத்திலிருந்து மறைந்துவிட்டால்: அடுத்தமுறை வில்லன் வெளியே வரும்போது தடுக்க ஆளில்லை. அதுவே 'தி விண்ட் வேக்கர்'.

ஆக, இந்த மூன்று கிளையிலும் வருபவன் ஒரே கானன்டார்ஃப். விலக்கு ஒன்று உண்டு. 2004-இல் வந்த 'ஃபோர் ஸ்வார்ட்ஸ் அட்வெஞ்சர்ஸ்' ஆட்டத்தில் வருபவன் பிற்காலத்தில் புதிதாகப் பிறந்த வேறொரு கானன்டார்ஃப். 2023 ஆட்டத்தில் வருபவனையும் தனி ஆளாக வைத்துக்கொள்வதே நல்லது. பழைய ஆட்டங்களோடு ஒட்டப்பார்த்தால் எங்காவது இடிக்கும். எனவே தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை: பெரும்பாலும் ஒருவன், சில இடங்களில் வேறு ஆள்.

1989-இல் அமெரிக்காவில் வந்த 13 பகுதிக் கார்ட்டூனிலும், 1993-இல் பிலிப்ஸ் கருவிக்கு வெளியான ஆட்டங்களிலும் ஒரு கானன் உண்டு. அவற்றை நின்டெண்டோ உருவாக்கவில்லை. இந்தக் கணக்கில் சேராது.

காரணம் பறிபோனது

'ட்விலைட் பிரின்சஸ்' மறுபடியும் அவனைக் கம்பீரமாக்கியது. ஞானிகள் அவனைச் சங்கிலியில் கட்டி வாளால் குத்துகிறார்கள், அவன் சாகவில்லை. அந்தக் காயம் நெஞ்சில் வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் நின்றபடியே உயிர்விடுகிறான். தோற்றத்தில் குறையே இல்லை. ஆனால் விண்ட் வேக்கரில் பேசியவன் இங்கே பேசவில்லை.

2011-இல் வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்' கதையின் ஆதிக்குப் போகிறது. டிமைஸ் என்ற ஆதி அசுரன் தோற்றுச் சாகும்போது, தன் வெறுப்பு மறுபடி மறுபடி பிறந்து உங்கள் வம்சத்தைத் தொடரும் என்று சாபமிடுகிறான். பலருக்கு இது பிடித்த முடிச்சு. எனக்கு இதில்தான் நட்டம் தெரிகிறது. பாலைவனத்தில் பிறந்து பச்சை நிலத்துக்கு ஏங்கியவனின் தவறு அவனுடைய தவறாக இருந்தது. சாபம் என்று ஆனபின் அது எழுதிவைத்த விதியாகிவிட்டது. காற்றும் மண்ணும் தேவையற்றுப்போகின்றன.

2017 மார்ச்சில் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' அந்தப் பாதையின் எல்லை. அதில் கானன் ஆளே இல்லை. 10,000 ஆண்டுகளாக வந்துபோகும் பேரழிவு. கோட்டையைச் சுற்றும் புகை. இறுதியில் வயல்வெளியில் நிற்கும் பிரமாண்டமான நெருப்புப் பன்றி. அது முன்பு ஒரு கெருடோவாக உருவெடுத்தது என்று ஒரு கெருடோ தலைவி குறிப்பிடுவதோடு சரி.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அதே ஆட்டத்தில் கெருடோ மக்கள் முழு மனிதர்களாகிறார்கள். நகரம் உண்டு, சந்தை உண்டு, உர்போசா போன்ற வீராங்கனையும் ரிஜு என்ற சிறுவயதுத் தலைவியும் உண்டு. 1998-இல் அவர்கள் திருடர்கள், அவர்கள் தலைவனுக்கு முகம் இருந்தது. 2017-இல் அவர்களுக்கு முகம் வந்தது, தலைவன் புகையானான். இது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். அந்த மக்களை மரியாதையாகக் காட்டவேண்டும் என்று முடிவெடுத்தபின், அவர்களில் ஒருவனைப் பெருங்கெட்டவனாக வைத்திருப்பது சங்கடம். அவனை அந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் சங்கடம் தீரும். மக்களின் மானம் காப்பாற்றப்பட்டது, நல்லது. ஆனால் அவர்கள் வறட்சியில் பட்ட பாடும் கதையிலிருந்து கூடவே போய்விட்டது.

2023: உடல் திரும்பியது, குரலும் வந்தது

2023 மே 12-இல் வெளியாகி மூன்றே நாளில் 1 கோடிப் பிரதிகள் விற்ற 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ஆட்டத்தில் கானன்டார்ஃப் மனிதனாக மீண்டான். கோட்டைக்கு அடியில் உலர்ந்த சடலமாகக் கிடந்து, முத்திரை உடைந்து எழுகிறான். ஆங்கிலப் பதிப்பில் மேத்யூ மெர்சர் குரல் கொடுத்தார். முதன்மைத் தொடரில் அவன் குரலோடு முழு வசனம் பேசுவது இதுவே முதல்முறை.

முற்காலக் காட்சிகளில் அவன் ஹைரூலின் முதல் அரசன் ராவ்ரூ முன் மண்டியிடுகிறான். 1998-இன் அதே காட்சி. பிறகு அரசி சோனியாவைக் கொன்று அவளது மாயக்கல்லைப் பறித்து அசுர அரசனாகிறான். பயங்கரமான, அழகான காட்சிகள். ஆனால் ஏன் என்று கேட்டால், வலியவனே ஆளவேண்டும் என்பதைத் தாண்டி விடை இல்லை. பாலைவனத்தில் பிறந்தவன் என்பது அவன் உடையிலும் நகையிலும் இருக்கிறது, பேச்சில் இல்லை.

பன்றியும் இந்த ஆட்டத்தில் இல்லை. தோற்கும் தறுவாயில் மாயக்கல்லை விழுங்கி டிராகனாகிறான். அப்படி மாறியவர் தன் நினைவை இழப்பார் என்பது ஆட்டத்தின் விதி. 1991-இல் மிருக உருவம் என்பது அவன் மனம் வெளியே தெரிவது; 2023-இல் அது மனமே அழிந்துபோவது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்த வில்லனின் வரலாறு.

2024 செப்டம்பரில் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' ஆட்டத்தில் தொடக்கத்திலேயே சூலத்தோடு நீலப் பன்றி வருகிறான். பழைய ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். பிறகுதான் தெரிகிறது, அது உண்மையான கானன் அல்ல. வேறொரு சக்தி செய்த நகல்.

ஏன் இத்தனை மாற்றம்?

1. கருவி. மூன்று நிற ஸ்பிரைட்டில் பன்றிதான் முடியும். முப்பரிமாணம் வந்தபின் முகம் முடியும். குரல் வந்தபின் பேச்சு முடியும். ஆனால் கருவி வாசலைத் திறக்கும், அவ்வளவே. 2023-இன் கருவி 2002-ஐவிடப் பல மடங்கு வலியது. வில்லனின் பேச்சு அதைவிட ஆழமாகிவிடவில்லை.

2. ஆட்டத்தின் அமைப்பு. மிக முக்கியமான காரணம் இது என்பது என் கருத்து. பழைய ஆட்டங்களில் கதை வரிசையாக நடக்கும். இந்தக் காட்சிக்குப் பின் இந்தக் காட்சி என்று வைக்கலாம். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' திறந்த உலகம். தொடக்கப் பகுதியைத் தாண்டியதும் நேரே கோட்டைக்குப் போய்க் கானனோடு மோதலாம், ஆறு மாதம் சமையல் செய்துவிட்டும் போகலாம். எப்போது வேண்டுமானாலும் சந்திக்கக்கூடிய வில்லனுக்குப் படிப்படியாக அவிழும் மனம் வைக்க முடியாது. வானிலை மாதிரி அவன் தூரத்தில் தெரிந்துகொண்டே இருக்கலாம். அதனால்தான் புகை.

3. இயக்குபவர். 'தி விண்ட் வேக்கர்', 'ட்விலைட் பிரின்சஸ்' இரண்டையும் இயக்கியவர் எய்ஜி அவோனுமா. 'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்', 'பிரெத் ஆஃப் தி வைல்ட்', 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' மூன்றையும் இயக்கியவர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி. சாபமும் புகையும் வலிமை வெறியும் வந்தது இந்த மூன்றில். அவோனுமா தயாரிப்பாளராக இவற்றிலும் இருந்தார் என்பதால் ஒருவர்மேல் மட்டும் ஏற்றக் கூடாது; ஆனாலும் பாட்டுக்காரர் மாறினால் கொம்பன் மாறுவதுபோல இங்கேயும் நடந்திருக்கிறது.

4. உலகச் சந்தை. ஒரு மக்கள் கூட்டத்தையே கெட்டவர்களாகக் காட்டுவது இன்று ஏற்கப்படாது. அந்தப் பொறுப்புணர்ச்சி தேவை. ஆனால் மக்களைக் காப்பாற்ற அவர்களின் குறையையும் கதையிலிருந்து நீக்கவேண்டியதில்லை. வறண்ட நாட்டின் மனக்குறையைச் சொல்லிவிட்டு, அதை ஒருவன் எப்படித் தவறாகப் பயன்படுத்தினான் என்றும் காட்டலாம். 2002-இல் செய்தார்கள்.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்

வெஸ் பால் இயக்கும் படம் எந்தக் கானனைத் தேர்ந்தெடுக்கும் என்பது முகமூடி, ஒப்பனை சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் அல்ல. இரண்டு மணி நேரப் படத்துக்கு வரிசையான கதை உண்டு. திறந்த உலகத்தின் தடை அதற்கு இல்லை. ஆகவே புகையைக் காட்டினால் அது தொழில்நுட்பக் கட்டாயம் அல்ல, தேர்வு. பாலைவனம் திரையில் வருகிறதா, அங்கே இருப்பவர்கள் என்ன குடிக்கிறார்கள், என்ன விளைவிக்கிறார்கள் என்று ஒரு காட்சியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வில்லனுக்குக் காரணம் கொடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது என்று பொருள்.

அதற்குமுன் ஓர் ஆட்டம் மட்டும் ஆட நேரமிருந்தால், 'தி விண்ட் வேக்கர்' ஆடலாம். 2025 ஜூனில் சுவிட்ச் 2 வந்தபோது, அதன் ஆன்லைன் சந்தாவில் கிடைக்கும் பழைய கேம்கியூப் ஆட்டங்களில் அதுவும் சேர்ந்தது. காற்றைப் பற்றிய பேச்சு கோபுர உச்சியில், கடைசிச் சண்டைக்குச் சற்றுமுன் வரும். சண்டைக்கு அவசரப்பட்டுப் பட்டனைத் தட்டி அதைத் தாண்டிவிட வேண்டாம்.